அந்தத் துப்பாக்கி யாருக்கு?

கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஹியூஸ்டனிலும் டாலஸிலும் துப்பாக்கிக் கடைகளில், சுடும் பயிற்சி ரேஞ்சுகளில், இன்று நம்மவர்கள் ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் எனக்குத் தெரிந்து தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். ஓய்வுபெற்றவன் எழுத உட்கார்ந்தால் தான் சாமர்த்தியமாகச் செய்ததைத்தான் எழுதுவான். அப்படி எழுத என்னிடமும் சில உண்டு. அவற்றை என் மனைவி கேட்டுச் சலித்துவிட்டாள். இதை அவளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் உலோகப் பொறியாளன். எண்ணெய்க் கிணற்றுக்குக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தேன். தொண்ணூற்றிரண்டில் ஆட்குறைப்பில் அந்த வேலை போனது. வேறு வேலை கிடைக்கும்வரை என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த துப்பாக்கிக் கடையில் சேர்ந்தேன். இரும்பைப் பற்றித் தெரிந்தவன் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். என் பெயர் சுந்தரம். கடையில் சன்னி ஆனேன். 'கிடைக்கும்வரை' என்பது பத்தொன்பது வருஷமாக நீண்டது.

தொண்ணூற்றாறில் டெக்சஸில், லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் கைத்துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சின்னப் பிஸ்டல்கள் கண்ணாடிப் பெட்டியின் கீழ்த் தட்டில் கிடந்தன. ஒரே வருஷத்தில் மேல் தட்டுக்கு ஏறிவிட்டன. நம் ஊர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், மோட்டல் நடத்துபவர், இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட் தெருவில் நகைக்கடைக்காரர் எல்லோரும் வந்தார்கள். "அங்க நம்மாளு ஒருத்தர் இருக்காரு, அவரைக் கேளு" என்று என் பெயர் பரவியது. அது எனக்குப் பிடித்திருந்தது. வேலை போனபின் நாலு பேர் என்னைத் தேடி வந்தது அப்போதுதான்.

சின்னத் துப்பாக்கி சுலபமானது என்று வருகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். சுடத் தெரிந்தவனுக்கே அது சிரமம். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. எடை குறைவு என்பதால் உதைப்பு அதிகம். மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க மணிக்கட்டில் பலம் வேண்டும். இதையெல்லாம் வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எங்கள் கவுண்டர் மேலாளர் ஒரு பெண்மணி. கிழக்கு டெக்சஸ்காரர். ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்த்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். காகிதக் கோப்பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பார். பேச்சு குறைவு. வாடிக்கையாளர் வந்தால் காலித் துப்பாக்கியைத் திறந்து காட்டி அவர் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். "எவன் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறானோ அவன் கையில் கொடு. பிறகு வாயை மூடிக்கொண்டு பார்" என்பதுதான் எனக்கு அவர் கொடுத்த மொத்தப் பயிற்சி.

நான் அதோடு ஒன்றைச் சேர்த்தேன். ஹியூஸ்டனில் மனிதன் பாதி நாள் காரில்தான் உட்கார்ந்திருக்கிறான். நிற்கும்போது வசதியாக இருக்கும் துப்பாக்கி, சீட் பெல்ட் போட்டதும் விலாவில் குத்தும். அதனால் பழைய கார் சீட் ஒன்றை வாங்கி, மரக்கால் அடித்து, பெல்ட்டோடு கவுண்டர் ஓரத்தில் போட்டேன். வாங்குகிறவரை அதில் உட்காரச் சொல்வேன். ஹில்கிராஃப்டில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவர் இருப்பதிலேயே சின்னதாக வேண்டும் என்று அரைமணி நேரம் பிடிவாதம் பிடித்தார். சீட்டில் உட்கார்ந்து இரண்டு முறை எடுக்க முயன்றார். சிரித்துக்கொண்டே எழுந்து, "இது வேண்டாம், உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைக் குடுங்க" என்றார். அந்த நாற்காலியைப் பார்க்கப் பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வந்தார்கள். ஆளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும் என்று நான் நம்ப ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான்.

தொண்ணூற்றெட்டுக் கோடையில் ஒரு சனிக்கிழமை மதியம் அவர்கள் வந்தார்கள். குமாருக்கு முப்பத்தைந்து இருக்கும். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில் இருந்தார். அவர் மனைவி மாலதி இரண்டடி பின்னால் நின்றாள். குமார் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்ணா, நீங்க பல்லடமுங்களா? கேட்டில எல்லாரும் சொன்னாங்க. நமக்குக் காங்கயமுங்க."

கேட்டி என்பது ஹியூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் புறநகர். நம் குடும்பங்கள் அப்போதே அங்கே நிறைய வந்துவிட்டன. ஆனால் அங்கும் அந்த 'ங்க' என் காதில் விழுந்து வருஷக் கணக்கு ஆகியிருந்தது. எங்கே படித்தார், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பேசினோம். என் சித்தப்பா மில்லில் அவருடைய மாமா கணக்கெழுதியிருக்கிறார். கால் மணி நேரம் போனது. அந்தக் கால் மணி நேரமும் மாலதி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளிடம் "வாங்கம்மா" என்றதோடு சரி.

"அவளுக்குத்தானுங்ணா. மெடிக்கல் சென்டர்ல லேப்ல இருக்கா. ஷிஃப்ட் முடிச்சு அந்தப் பார்க்கிங் கராஜ்ல தனியா நடந்து வரோணும். எனக்குப் பயமா இருக்குதுங்க."

நியாயமான காரணம்தான். நான் ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து மாலதி பக்கம் நீட்டினேன். அவள் கையை நீட்டுவதற்குள் குமார் வாங்கிக்கொண்டார். "இது வேண்டாமுங்ணா, ஆறு ரவுண்டுகூட இல்லியே" என்று வைத்துவிட்டார். ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் ஒன்றை அவரே காட்டினார். கச்சிதமானதுதான், ஆனால் மாலதியின் கைக்குப் பிடி அகலம். அதை எடுத்து, பிடித்து, நீட்டிப் பார்த்தார். ஸ்லைடை இழுத்தார். அவர் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

"அம்மா ஒரு தடவை இழுத்துப் பாக்கட்டும்" என்றேன்.

மாலதி இழுத்தாள். பாதிதான் வந்தது. குமார் சிரித்தார். "தேங்காயே என்னையத்தான் உடைக்கச் சொல்லுவாங்ணா." நானும் சிரித்தேன்.

பிறகு அவர் நாற்காலியைப் பார்த்தார். "இதுதானுங்களா அந்தச் சீட்டு?" என்று போய் உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். பிஸ்டலை உறையோடு வலது இடுப்பில் செருகி, சட்டையை இழுத்துவிட்டு, வெளியே தெரிகிறதா என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து பார்த்து, "உறையைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க" என்றேன். தள்ளினார். "சூப்பருங்ணா" என்றார்.

தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறவரின் கையில் கொடு என்பதுதான் நான் கற்ற ஒரே பாடம். இடுப்பு யாருடையது என்று என் கண் பார்த்துவிட்டது. பார்த்ததை மனசு எடுத்துக்கொள்ளவில்லை. என் மேல் எனக்கு வருத்தம் இருப்பது இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பார்க்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

படிவத்தை எடுத்து வைத்தேன். குமார் அதைத் தொடவில்லை. விரலால் மாலதி பக்கம் நகர்த்தினார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி வரும், உங்களுக்குத் தெரியும். கணவன் தன் பெயரில் வாங்கி மனைவிக்குப் பரிசாகக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் வாங்க உரிமை இல்லாத ஒருவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வாங்குவது குற்றம். அந்தக் கேள்வியில் மாலதியின் பேனா நின்றது. அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"யெஸ் போடு" என்றார் குமார்.

பேனா அப்படியே நின்றது. நான் சொன்னேன்: "சும்மா ஃபார்மாலிட்டிதாம்மா. எல்லாருக்கும் இருக்கற கேள்விதான். யெஸ் போட்டுடுங்க."

அவள் போட்டாள்.

அவர்கள் போனதும் மேலாளர் கவுண்டரின் மறுமுனையிலிருந்து நடந்து வந்தார். தமிழ் புரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சன்னி, அந்தத் துப்பாக்கி யாருக்கு?"

"மனைவிக்கு."

"அப்படியென்றால் நாற்காலியில் ஏன் அவர் உட்கார்ந்தார்?"

"எங்கள் பக்கம் அப்படித்தான். எதையும் புருஷன்தான் பார்த்து வாங்குவார்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஐஸை மென்றுகொண்டு போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போதெல்லாம் உடனே கையில் கொடுக்க முடியாது. பின்னணிச் சோதனைக்காக ஐந்து வேலை நாள் காத்திருக்க வேண்டும். புதன்கிழமை மதியம் மாலதி தனியாக வந்தாள். லேப் உடையிலேயே இருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. மேலாளர் சாப்பிடப் போயிருந்தார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்கம்மா."

"அந்த பேக்ரவுண்ட் செக் பாஸ் ஆச்சா இல்லையான்னு எங்களுக்கு யாரு சொல்லுவாங்க? நீங்களா?"

"நாங்கதான் சொல்லுவோம். கவலைப்படாதீங்க, உங்களுக்கெல்லாம் ஈஸியா வந்துடும்."

அவள் கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பாஸ் ஆகலன்னு சொல்லிடுங்களேன்."

நான் புரியாமல் விழித்தேன்.

"அவர்கிட்ட. ஃபெயில் ஆயிடுச்சு, குடுக்க முடியாதுன்னு சொல்லிடுங்க. ஏதோ பேப்பர் சரியில்லன்னு சொல்லுங்க. நான் வந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. ப்ளீஸ், அண்ணா."

கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. ஏன்? அதைக் கேட்காமல் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய் சொல்லக் கூடாதும்மா. முதல்ல எல்லாருக்கும் துப்பாக்கின்னா பயமாத்தான் இருக்கும். ரெண்டு தடவை ரேஞ்சுக்கு வந்தா சரியாயிடும். உங்க நல்லதுக்குத்தான் அவர் வாங்கித் தர்றாரு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது இன்னொரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கடைக்குள் மொத்தம் நான்கு நிமிஷம் இருந்திருப்பாள். மெடிக்கல் சென்டரிலிருந்து அந்த நேரத்தில் வந்துபோக ஒன்றரை மணி நேரமாவது ஆகும். சாப்பாட்டு இடைவேளையில் அது முடியாது, லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இது எனக்கு அன்று தோன்றவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. சோதனை பாஸ் ஆனாலும் சொல்லலாம், படிவம் எல்லாம் சரியாக இருந்தாலும் சொல்லலாம். நான் பொய்யே சொல்லியிருக்க வேண்டியதில்லை. "எனக்குச் சரியாகப் படவில்லை, குடுக்கல" என்று குமாரிடம் சொன்னால் போதும், முடிந்தது. அந்த உரிமை எனக்கும் தெரியும். ஊர்க்காரரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது என்பதும் தெரியும்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். சோதனை பாஸ் ஆகியிருந்தது. பெட்டியை எடுத்து வந்து வைத்தேன். நல்ல மனநிலையில் இருந்தேன். ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. சிரித்துக்கொண்டே குமாரிடம் சொன்னேன்:

"உங்க வீட்டம்மா புதன்கிழமை வந்து கேன்சல் பண்ணச் சொன்னாங்க தெரியுமா? ரொம்பப் பயப்படறாங்க. நீங்க ஒரு நாள் ரேஞ்சுக்குக் கூட்டிட்டு வாங்க, நானே சொல்லித் தர்றேன்."

குமாரும் சிரித்தார். "அப்படீங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே." மாலதியைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. மாலதியின் முகத்தில் இருந்த நிறம் மட்டும் மெல்லப் போனது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். பெட்டியைக் குமார் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் ரேஞ்சுக்கு வரவில்லை.

அக்டோபரில் மத்திய அரசின் துப்பாக்கித் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பிஸ்டலின் வரிசை எண் அவரிடம் இருந்தது. கேட்டியில் ஒரு வீட்டில் நடந்த சண்டையில் அது சுடப்பட்டிருக்கிறது. குண்டு படுக்கையறைச் சுவரைத் துளைத்துக் குழந்தையின் அறைக்குள் போயிருக்கிறது. ஆறு வயது மகள் அந்த நேரம் பள்ளியில் இருந்ததால் அறை காலி. யார் உடம்பிலும் குண்டு படவில்லை. கணவன் ஜெயிலில் இருந்தார். அவர் முன்பு நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்தபோது மனைவியை அடித்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தது. அதனால் அவர் பெயரில் எந்தத் துப்பாக்கியும் வாங்க முடியாது. படிவத்தை மாலதி பக்கம் நகர்த்திய அந்த விரலை நினைத்துக்கொண்டேன்.

"வாங்கியது மனைவி. கணவனுக்காக வாங்கியதாகத் தெரிந்தால் அந்தப் பெண் மீதும் வழக்கு வரும்" என்றார் அதிகாரி. "விற்றது நீங்கள். இது கணவனுக்கான துப்பாக்கி என்று நினைக்கும்படி எதையாவது பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்று சொன்னால், பார்த்தும் ஏன் விற்றாய் என்பது அடுத்த கேள்வி. கடையின் லைசன்ஸ் போகலாம். நானும் குற்றவாளி ஆகலாம். மகன் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் மனதில் ஓடியது. நான் சொன்னேன்:

"எதுவும் பார்க்கவில்லை. அந்த அம்மாதான் தேர்ந்தெடுத்தார். ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தார். அவரே படிவம் எழுதினார்."

அவர் எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிக் கைகுலுக்கினார்.

மேலாளர் அந்த வாரம் டாலஸில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் என்னைப் பின்னறைக்கு அழைத்தார்.

"நாற்காலியைப் பற்றிச் சொன்னாயா?"

"இல்லை."

"நான் உன்னிடம் கேட்டதை?"

"இல்லை."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எங்கள் பக்கம் அப்படித்தான் என்று சொன்னாய். உங்கள் பக்கத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நம்பினேன். எனக்குச் சரியாகப் படாத ஒன்றை, உன் வார்த்தைக்காக விட்டேன்." பிறகு சொன்னார்: "நான் பார்த்ததை நான் போன் செய்து சொல்லப்போகிறேன். நீ பார்த்ததை நீதான் சொல்ல வேண்டும்."

அவருக்குப் புதன்கிழமை தெரியாது. மாலதி அந்தத் துப்பாக்கியை நிறுத்தப் பார்த்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான்தான். அப்படியிருந்தும் பதினோரு நாள் நான் போனை எடுக்கவில்லை. வேலைக்குப் போனேன். மகனுக்குப் போன் பண்ணி நன்றாகச் சாப்பிடச் சொன்னேன். ராத்திரி தூங்கவும் தூங்கினேன், அதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடாத விஷயம்.

பதினோராம் நாள் ஹில்கிராஃப்டில் ஒரு மளிகைக் கடையில் காய்கறிப் பக்கம் நின்றிருந்தேன். கேட்டியிலிருந்து வரும் ஒரு ஆன்ட்டி, கோயில் விழாக்களில் பார்த்துப் பழக்கம், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கேள்விப்பட்டீங்களா சுந்தரம்? அந்த மாலதி இப்ப எங்க தெருவுல ஒருத்தர் வீட்டுலதான் குழந்தையோட இருக்கா. துப்பாக்கியையே அவதான் வாங்கிக் குடுத்தாளாம், தெரியுமா? புருஷனுக்கு! அவன் எப்படின்னு தெரிஞ்சும் வாங்கிக் குடுத்திருக்கா. என்ன பொண்ணோ!"

"அப்படியா" என்றேன்.

"இவளுக்கும் கேஸ் வருமாம். லேப்ல லீவுல போகச் சொல்லிட்டாங்க. குழந்தையை என்ன பண்ணுவாளோ."

கையில் எடுத்த வாழைக்காயைத் திரும்பக் கூடையில் வைத்தேன். 'அவள் வேண்டாம் என்று என்னிடம் வந்து கெஞ்சினாள், ஆன்ட்டி' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை கடைக்குப் போகும்முன் காரில் உட்கார்ந்தபடி அதிகாரிக்குப் போன் பண்ணினேன். நான் சொன்னது பொய் என்றேன். அவர் வியாழக்கிழமை பத்து மணிக்கு டவுன்டவுன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

எல்லாம் எப்படி முடிந்தது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மிரட்டலுக்குப் பயந்துதான் கையெழுத்துப் போட்டாள் என்று முடிவாகி மாலதி மீது வழக்கு வரவில்லை. குமாருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. என் மீது நடவடிக்கை இல்லை. தானாக வந்து சொன்னேன் என்பதற்காக விட்டார்கள். கடைக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. மேலாளர் என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னறையில் பழுது பார்க்கும் மேஜைக்கு அனுப்பினார். இரண்டு வருஷம் நான் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பக் கவுண்டருக்கு வந்தபோது அவர் எதையும் நினைவுபடுத்தவில்லை. தமிழில் பேசும் வாடிக்கையாளர் யார் வந்தாலும் தானும் வந்து பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. இருக்க வேண்டியதுதான். ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை.

மனைவியிடம்கூட நான் சொல்லாமல் விட்டது அந்த வியாழக்கிழமைதான்.

அலுவலகத்தின் நடையில் வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாலதி அங்கே உட்கார்ந்திருந்தாள். அவளையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மடியில் ஒரு காகித உறை இருந்தது. ரொம்ப இளைத்திருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள். அவளுக்கு இடது பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

அவள் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. சரி, இதற்கு மேல் பேச எனக்குத் தகுதியில்லை என்று நினைத்தேன். அப்போது அவள் ஏதோ உணர்ந்தவள்போலத் திரும்பினாள்.

"ஏதாவது சொன்னீங்களா, அண்ணா? இந்தப் பக்கம் வாங்க. அந்தக் காது கேக்காது. அவர் சுட்டப்ப ரொம்பப் பக்கத்துல நின்னேன்."

யார் உடம்பிலும் குண்டு படவில்லை என்றுதான் அதிகாரி சொல்லியிருந்தார். எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். நடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். தமிழ் யாருக்கும் புரியாது. இருந்தும் இரண்டாம் முறை சொல்லுமுன் அவர்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்."

"எதுக்கு?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க வந்ததை அவர்கிட்டச் சொன்னதுக்கு."

தலையசைத்தாள். "வீட்டுக்குப் போற வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசல. அதுலேயே தெரிஞ்சுபோச்சு." பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்தக் கேள்விக்கு யெஸ் போடச் சொன்னதும் தப்பு. நீங்க நிறுத்துனதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

"ம்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே போய்ச் சொல்லப்போவதை அவளிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அவள் நல்ல காதை என் பக்கம் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

"விசாரிக்க வந்தவங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். நீங்கதான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு சொன்னேன். ஆசையா வாங்குனீங்கங்கற மாதிரி. புதன்கிழமை வந்ததைச் சொல்லவே இல்லை. அதை மாத்திச் சொல்லத்தான் இன்னிக்கு வந்திருக்கேன்."

மாலதியின் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று மாறியது.

"அது எனக்குத் தெரியாது" என்றாள். "யாரோ அப்படிச் சொல்லியிருக்காங்கன்னு என்னை மூணு தடவை கூப்பிட்டுக் கேட்டாங்க. அவர்தான் ஜெயில்லேருந்து சொல்லியிருக்கார்னு நினைச்சேன்."

கதவு திறந்தது. உள்ளிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். மாலதி மடியிலிருந்த உறையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நடையின் கடைசிவரை போய், அங்கே இருந்த நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.